ஆவுடை டீச்சர் நடுவில் நின்ற காலம்

எங்கள் ஊரில் அந்த வருடத்துச் சூரிய கிரகணம் ஒரு வியாழக்கிழமை மூன்றாம் பீரியடில், பள்ளிக்கூட நூலகத்துக்குள், அறுபது வாட்ஸ் பல்பு ஒன்றைப் பிடித்தது. வெளியே வானத்தில் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. எந்தப் பஞ்சாங்கத்திலும் போடாத கிரகணம் என்பதால் யாரும் தலைமுழுகவில்லை, தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்க்கவில்லை, ஊறுகாய்ச் சாடிக்கு மேல் தர்ப்பை கிள்ளிப் போடவில்லை. இதையெல்லாம் முறைப்படி செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று பிறகு நாங்கள் பலமுறை பேசிக்கொண்டோம், செய்யாமல் விட்டதற்கு யாரும் பொறுப்பில்லை என்று ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சை முடித்தோம்.

ஊருக்குப் பெயர் வெள்ளோடைப்பட்டி. தாமிரபரணி எட்டிக்கூடப் பார்க்காமல் போகிற பக்கத்தில் இருக்கிறது. பள்ளி நூலகம் முன்பு சத்துணவு அரிசி மூட்டை அடுக்கிய அறை. அரிசி போய்ப் புத்தகம் வந்த பிறகும் வண்டுகள் இடத்தை விட்டுப் போகவில்லை, எழுத்தைத் தின்னப் பழகிக்கொண்டன. அந்த அறைக்குப் பொறுப்பு ஆவுடையம்மாள் டீச்சர். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போன பிறகு ரேஷன் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார், காலையில் எட்டே முக்காலுக்குப் படியிறங்கி மாலையில் ஐந்துக்குப் படியேறினார், இடையில் யார் கண்ணிலும் அதிகமாகப் படாமல் பதினேழு வருடம் வேலை பார்த்திருந்தார். இதை இப்போதே சொல்லிவிடுவது நியாயம்: டீச்சர் கண்ணுக்குத் தெரியாமல் போனதை ஊர் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று.

மூன்றாம் வகுப்புக்குக் கிரகணப் பாடம். ஜன்னலைச் சாத்தி, ஹோல்டரோடு பல்பை நீட்டு வயரில் இழுத்து, மேஜைமேல் பூகோள உருண்டையை வைத்தபோதுதான் நிலா இல்லை என்று தெரிந்தது. நிலாவாக இருந்த ரப்பர் பந்து முந்தின வாரம் ஐந்தாம் வகுப்புக் கிரிக்கெட்டில் சிக்ஸராகிக் கிணற்றுக்குள் போயிருந்தது. சரி, உருண்டையும் வேண்டாம், ஆட்களை வைத்தே நடத்திவிடலாம் என்று டீச்சர் தீர்மானித்தார். சூரியனாக இருக்க இருபத்தொரு கை உயர்ந்தது. பூமியாக ஒன்பது. நிலாவாக ஒருத்தரும் இல்லை.

"ஏம்ட்டி, நிலாவுக்கு என்ன கொறச்சல்?"

"அது சும்மா அடுத்தவங்களையே சுத்திக்கிட்டு இருக்கணும் டீச்சர்."

"சொந்தமா வெளிச்சமும் கெடையாது."

"எங்க அத்தை மாதிரி," என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

"அப்ப நானே நிலா," என்றார்.

சூரியன் வேலை சுடலைமணி என்கிற பையனுக்குக் கிடைத்தது. பல்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சூரியனுக்கு உரிய அலட்டலோடு நின்றான். எதிரே பூமியாக ஒரு பிள்ளை நின்றாள். நிலா மாதாமாதம் நடுவில் வந்தாலும் அதன் பாதை ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும், என்றைக்காவது ஒருநாள்தான் மூன்றும் ஒரே கோட்டில் அகப்படும் என்று சொல்லிக்கொண்டே டீச்சர் இரண்டு முறை குனிந்தும் நிமிர்ந்தும் தப்பிப் போய்க் காட்டினார். மூன்றாவது முறை நேராக நடுவில் வந்து நின்றார்.

"டீச்சர், சூரியனக் காணோம்," என்றாள் பூமி.

"டீச்சர், இவளக் காணோம்," என்றான் சூரியன்.

"நான் இங்கதான நிக்கேன்," என்றார் டீச்சர். அவரையும் காணோம்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். பாடம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அது தப்பென்று சொல்லும் அளவுக்கு அவர்களுக்கு வயதாகவில்லை. ஏழரை நிமிடம் கழித்துச் சூரியனும் பூமியும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் திரும்பி வந்தார்கள். முழுச் சூரிய கிரகணம் பூமியில் அதிகபட்சம் நீடிக்கக்கூடிய நேரம் ஏறத்தாழ இதுவே. ஏழரை என்ற எண்ணுக்கு எங்கள் பக்கத்தில் சனீஸ்வரனைத் தவிர வேறு விளக்கம் கிடையாது என்பதால் இதை யாரும் பிற்பாடு ஏற்கவில்லை.

இருவரும் வந்துவிட்டார்கள். டீச்சர்தான் வரவில்லை. மறுநாள் ஒரு விளிம்பு மட்டும் வந்தது: இடது முழங்கையின் ஓரம், ஒரு காது, மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்க வளைவு. அதற்கடுத்த நாள் கொஞ்சம் கூட. குரல் முழுசாக இருந்ததால் பாடம் தடைப்படவில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் தடையில்லாமல் விழுந்தது. தலைமையாசிரியர் சாலமோன் ராஜபாண்டி எதையும் கையெழுத்தை வைத்தே நம்புகிறவர்.

விஷயம் பரவியது குழாயடியில். இரண்டு ஓரகத்திகள் அங்கே குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி பரம்பரையை இன்னொருத்தி தோண்டிக்கொண்டிருந்தபோது, ஆவுடை டீச்சர், முழுசாக இன்னும் ஒரு கீற்று பாக்கியாக, குடத்தோடு நடுவில் புகுந்து "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றார். சட்டென்று ஒருத்திக்கு ஒருத்தி இல்லாமல் போனாள். ஏழரை நிமிடம் இருவரும் தத்தம் குடத்தை நிம்மதியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்று சாயங்காலமே மூத்தவள் ரேஷன் கடை மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டாள்:

"டீச்சர், ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன். மாமியா வந்திருக்கா. அவளுக்கும் எனக்கும் நடுவுல செத்த நேரம் நின்னாப் போதும்."

அதிலிருந்து ஊர் பிடித்துக்கொண்டது. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்கு நடுவில் நின்றார். ஊசிக்கு அலறும் குழந்தைக்கும் நர்சம்மாவுக்கும் நடுவில் நின்றார். பெண் பார்க்க வந்த இடத்தில், பழைய பகை உள்ள இரண்டு சித்தப்பாக்களுக்கு நடுவில் பந்தி முடிகிறவரை தவணை முறையில் நின்றார். கணவனின் உடலைத் தூக்கும்போது பார்க்கச் சகிக்காது என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டதால் பாடைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். அந்த ஏழரை நிமிடத்துக்குள் சங்கும் தாரையும் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும் என்று ஊர் முன்னதாகவே ஒத்திகை பார்த்திருந்தது. ஐந்து மாதத்தில் வெள்ளோடைப்பட்டிக்கு ஒரு போலீஸ் வண்டிகூட வரவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை அமைதியானவர்கள் என்று பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஆனால் கிரகணம் கிரகணம்தான், அதற்குண்டான ஆசாரத்தை விட முடியாது. டீச்சர் ஒரு வீட்டுக்குள் வருகிறார் என்றால் முன்கூட்டியே தண்ணீர்ப் பானையிலும் மாவுச் சட்டியிலும் தர்ப்பை போட்டார்கள். சூலிகளை உள்ளறைக்கு அனுப்பினார்கள். நட்சத்திரக் கோளாறு உள்ளவர்கள் நெற்றியில் ஓலை கட்டிக்கொண்டார்கள். அவர் நின்று முடித்துப் போனதும் வீட்டோடு தலைமுழுகினார்கள். கிரகண நேரத்தில் அடுப்பு மூட்டுவதோ வாயில் ஒன்று போடுவதோ கூடாதென்பதால், அந்த ஐந்து மாதத்தில் அத்தனை வீட்டுப் படியேறிய ஆவுடை டீச்சருக்கு யாரும் ஒரு வாய்க் காப்பி கொடுக்கவில்லை. இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எண்ணமே இல்லாமல் செய்தோம்.

ஊரில் இரண்டு பஞ்சாங்கம் உண்டு. கோயில் பட்டர் சங்கரநாதன் வாக்கியம். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஆறுமுகநயினார் திருக்கணிதம். பழைய வாக்கியத்தில் சொன்னது சொன்னதுதான் என்பார் அவர்; வானத்தைப் பார்த்துத் திருத்தாத கணக்கு என்ன கணக்கு என்பார் இவர். அமாவாசை, ஏகாதசி, பிரதோஷம் என்று முப்பது வருடமாகச் சில நாழிகை வித்தியாசத்தில் சண்டை போட்டு வந்த இருவருக்கும் ஆவுடை டீச்சர் பெரிய வரப்பிரசாதமாக அமைந்தார். டீச்சர் எத்தனையாவது பிறையில் இருக்கிறார், என்றைக்கு எத்தனை நாழிகைக்கு நிற்கத் தோதுப்படும் என்று இருவரும் தனித்தனியே கணித்துக் கோயில் சுவரில் ஒன்றும் தபாலாபீஸ் சுவரில் ஒன்றுமாக ஒட்டினார்கள். இருவரில் ஒருவரும் டீச்சரைக் கேட்கவில்லை. நிலாவைக் கேட்டா பஞ்சாங்கம் எழுதுகிறார்கள்?

ஒரு முறை நின்றால் மறுபடி அமாவாசை. அதிலிருந்து முழுசாகத் தெரிய ஏறக்குறையப் பதினைந்து நாள். எங்கள் ஊர் யாருக்கும் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் விட்டுக்கொடுத்ததில்லை. மூன்றாம் பிறை, மிஞ்சிப் போனால் ஐந்தாம் பிறை, அதற்குள் படிக்குக் கீழே யாராவது வந்து நிற்பார்கள். ரேஷன் கடை மாடியில் அவர் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து ஆணியில் கவிழ்த்து மாட்டிவிட்டார் என்றும், தலையைத் தொட்டுப் பார்த்தே வாரிக்கொண்டார் என்றும், நெற்றியில் பொட்டை விரலால் தேடித் தேடி வைத்துக்கொண்டார் என்றும், யாரும் பார்த்துச் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொள்வதுதான். ஆனால் பள்ளியில் பிள்ளைகள் நோட்டை நீட்டும்போது காற்றில் நீட்டினார்கள் என்பது எனக்கே தெரியும்.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் புதன்கிழமை, ஆவுடை டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அன்று காலைதான் விளிம்பு வந்திருந்தது.

"அடுத்த பாடம் சந்திர கிரகணம் சார்."

"தாராளமா நடத்துங்க டீச்சர்," என்றார் சாலமோன் சார், குரல் வந்த திசையில் இருந்த பீரோவைப் பார்த்து.

"அதுக்குப் பௌர்ணமி வேணும் சார். பௌர்ணமி இல்லாம சந்திர கிரகணம் கெடையாது."

"பந்து ஒண்ணு வாங்கிருவமே."

"பந்து வேண்டாம். பதினஞ்சு நாள் வேணும். பதினஞ்சு நாளைக்கு யாரும் என்னை நடுவுல நிக்கக் கூப்பிடக் கூடாது."

சாலமோன் சார் பேனாவை மூடினார். "ஊரு தாங்குமா டீச்சர்?"

"மொதல்ல எல்லாம் நின்னு முடிச்ச மறுநாளே விளிம்பு வரும். போன தடவை நாலு நாள் ஆச்சு. இந்தத் தடவை ஏழு. இன்னொரு தடவை நின்னா வருமான்னு எனக்கே தெரியல." பிறகு பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: "சூரிய கிரகணத்தன்னைக்கு நிலாவ யாரும் பாக்கிறதில்ல சார். கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுச் சூரியனைத்தான் பாக்காங்க. நடுவுல நிக்கிறது எதுன்னு யாரும் கேக்கிறதில்ல. சந்திர கிரகணத்தன்னைக்குத்தான் நிலாவப் பாப்பாங்க. கண்ணாடிகூட வேண்டாம். வெறுங்கண்ணாலயே பாக்கலாம்."

சாலமோன் சார் அன்று மாலையே ஊர்க் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பினார். பதினைந்து நாள் என்றதும் ஓரகத்திகள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஆட்சேபித்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. கடைசியில் பிள்ளைகள் படிப்பு என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பௌர்ணமி எப்போது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"நாளைய வியாழன் போக ரெண்டாவது வியாழக்கிழமை காலம்பற எட்டு அம்பதுக்குப் பூர்த்தி," என்றார் பட்டர்.

"பதினொண்ணு இருவது," என்றார் நயினார். "இந்நேரத்துலருந்து பதினாலு நாளும் பதினெட்டு மணியும் ஆகணும் வே. மொறையாக் கணக்குப் போட்டா அதுதான் வரும்."

"உம்ம மொறை நேத்து வந்தது ஓய். இது ஆயிரம் வருஷம்."

"ஆயிரம் வருஷமாத் தப்புன்னா அதுக்குப் பேரு பாரம்பரியமா?"

இருவருக்கும் நடுவில் டீச்சர் நிற்க முடியாத நாள் என்பதால் சண்டை வெகுநேரம் போயிற்று. மூன்றாம் பீரியட் பதினொன்று பத்துக்கு என்பதால் எப்படிப் பார்த்தாலும் பாடத்துக்குப் பாதகமில்லை என்று சாலமோன் சார் முடித்துவைத்தார்.

அந்தப் பதினைந்து நாளும் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை மறந்தே போயிருந்தோம். ஐந்து மாதத்துப் பாக்கிச் சண்டையெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தது. குழாயடியில் இரண்டு குடம் நசுங்கியது. வரப்புக்காரர்களில் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனான். நான்காம் நாள் அண்ணன் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், இருவரும் ஒரு மணி நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும் நர்சம்மா சொன்னாள். இதற்கிடையே ஆவுடை டீச்சர் தெரு வழியே வளர்ந்துகொண்டே போய் வந்தார். எட்டாம் நாள் சரிபாதி இருந்தார்: ஒரு கண், பாதி நெற்றி, சேலையின் ஒரு பக்கக் கரை. பன்னிரண்டாம் நாள் இன்னொரு காதின் ஓரம் மட்டும் பாக்கி. எல்லோரும் பார்த்தோம். ஆனால் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்ப்பதுபோல, இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் பார்த்தோம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே கால். பள்ளிக்கூடக் கேட்டில் ஒரு வேன் உறுமிக்கொண்டு நின்றது. திருவனந்தபுரம் போய் அங்கிருந்து குவைத்துக்கு விமானம், வீட்டு வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தம், போகிறவள் பேச்சித்தாய். அவள் மகள் முப்பிடாதி மூன்றாம் வகுப்பு. புருஷன் இல்லை, பிள்ளையைச் சித்தி வீட்டில் விட்டிருந்தாள். பிள்ளை தாயின் சேலை முந்தானையை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். பேச்சித்தாய் அவளை இழுத்துக்கொண்டே கேட்டுக்குள் வந்து, கிட்டத்தட்ட முழுசாக நின்ற டீச்சரின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டீச்சர், ஒரு ஏழரை நிமிஷம். நடுவுல நில்லுங்க. நான் ஏறிப் போயிருதேன்."

"இன்னைக்குப் பாடம் இருக்கு பேச்சி."

"பட்டரக் கேட்டுட்டுத்தான் வாரேன். எட்டு அம்பதோட பதினஞ்சு நாள் முடிஞ்சாச்சுன்னு சொன்னாவ. பாடத்த அடுத்த மாசம் வச்சுக்கிடுங்க டீச்சர். பிளேன அடுத்த மாசம் வைக்க முடியாதுல்ல?"

வேன்காரன் ஹாரன் அடித்தான். ஆவுடை டீச்சர் பிள்ளையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். ஓரடி எடுத்து வைத்தால் போதும். அந்த ஓரடியை அவர் ஐந்து மாதத்தில் நாற்பது தடவைக்கு மேல் எடுத்து வைத்திருந்தார், யாரும் கேட்டு ஒரு தடவையும் மறுத்ததில்லை, மறுக்கலாம் என்பதே அவருக்கோ எங்களுக்கோ தோன்றியதில்லை.

"மாட்டேன்," என்றார்.

"டீச்சர்!"

"அவ பாக்கட்டும் பேச்சி. நீயும் பாரு. ரெண்டு வருஷம்ல."

"பாத்தா நான் போவ மாட்டேன். உமக்குத் தெரியாது. பெத்திருந்தால்ல தெரியும்!"

கேட்டில் நின்றவர்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். டீச்சர் முகத்தில் என்ன ஆயிற்று என்று பார்த்தவர் யாரும் இல்லை; எல்லோரும் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் நகர்ந்து, இருவருக்கும் நடுவில் அகப்படாமல், மதில் ஓரமாகப் போய் நின்றார். பேச்சித்தாய் மகளின் மணிக்கட்டிலிருந்து முந்தானையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். மூன்று சுற்றுக்கும் வெகுநேரம் பிடித்தது. பிறகு ஓடினாள். வேன் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். வேன் போன பிறகு அந்தப் பிள்ளை அழுத அழுகையை எங்கள் ஊர் ஐந்து மாதத்தில் கேட்டதில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலை ஞாபகம் வந்து கலைந்து போனோம்.

பதினொன்று பத்துக்கு நூலகத்தில் மூன்றாம் வகுப்பு வந்து உட்கார்ந்தது. ஊரில் பாதி ஜன்னலுக்கு வெளியே நின்றது, முன்கூட்டியே குளித்துவிட்டு. நயினார் கையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார். பட்டர் காலை எட்டு ஐம்பதுக்கே பௌர்ணமி தாண்டிவிட்டது, இது வெறும் கண்துடைப்பு என்று சொல்லிக்கொண்டே எக்கி எக்கிப் பார்த்தார். சுடலைமணி பழைய உரிமையில் பல்பைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு எதிரே, அறையின் மறுகோடியில், புத்தக அலமாரியில் முதுகு சாய்த்து ஆவுடை டீச்சர் நின்றார். வெளிச்சம் முகத்தில் நேராக அடித்தது. பதினொன்று இருபதுக்கு மறுகாதின் ஓரமும் வந்து சேர்ந்தது.

"இப்ப யாரு பூமி?" என்றார். "பூமி நடுவுல வரணும். சூரியன் வெளிச்சத்த மறைக்கணும். பூமியோட நெழலு நிலா மேல விழும். யாரு வாரீங்க?"

இருபத்தெட்டுக் கையும் உயர்ந்தது. அதற்குள், அலமாரிக்கு அடியில் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்த முப்பிடாதி எழுந்து, யாரையும் கேட்காமல் வந்து பல்புக்கு முன்னால் நின்றாள். வீங்கிய கண்ணோடு டீச்சரைப் பார்த்து நின்றாள். வெளிச்சத்தை மறைக்க வேண்டும், இந்தப் பொம்பளை முகத்தில் இருட்டு விழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

விழுந்தது. நிழல் டீச்சரின் கன்னத்தைத் தொட்டு, மூக்கைத் தாண்டி, முகம் முழுக்க ஏறியது. ஆனால் முழு நிழலிலும் நிலா அணைந்துவிடுவதில்லை. பூமியின் ஓரம் முழுக்க அந்த நேரத்தில் ஒரு பக்கம் விடிந்துகொண்டும் ஒரு பக்கம் பொழுது அடைந்துகொண்டும் இருக்கிறது. அத்தனை விடியலும் அத்தனை அந்தியும் ஓரத்தில் வளைந்து நிலாவின் மேல் போய் விழுகின்றன. முப்பிடாதியின் பரட்டைத் தலை ஓரமாக வழிந்து வந்த வெளிச்சத்தில் ஆவுடை டீச்சர், புளி போட்டுத் துலக்கிய செம்புப் பானைபோல, மெல்ல மெல்லச் சிவந்தார். வகுப்பு முழங்காலில் எழுந்து பார்த்தது. ஜன்னலில் நின்ற நாங்களும் வெறுங்கண்ணால் பார்த்தோம். கழுத்தில் ஒரு மச்சம் இருந்தது. முன்மயிர் நரைத்திருந்தது. பொட்டு நடுநெற்றியை விட்டு அரை விரற்கடை தள்ளி இருந்தது. பதினேழு வருடத்தில் இதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.

"நடுவுல நின்னிருக்கலாம்ல நீங்க?" என்றாள் பூமி.

"நின்னிருக்கலாம்."

"ஏன் நிக்கல?"

"நின்னிருந்தா உங்கம்மா போனத நீ பாத்திருக்க மாட்ட."

"பாத்தேன்," என்றாள் முப்பிடாதி. "செருப்பு வாரு அறுந்து போச்சு. ஒத்தச் செருப்போட ஏறினா. கண்ணாடில கைய வச்சா. இந்தக் கை. வளவியெல்லாம் கழட்டிட்டா, ஒண்ணுதான் கெடந்துச்சு. பச்ச."

"ம்."

"திரும்பிப் பாத்தா. வாயத் தொறந்து என்னமோ சொன்னா. கேக்கல."

"என்ன சொல்லியிருப்பா?"

"சாப்பிடுன்னு சொல்லியிருப்பா. அதத்தான் எப்பவும் சொல்லுவா." பிள்ளை புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அடுத்ததையும் அதே கோபத்தோடுதான் கேட்டாள். "உங்க புருவத்துல ஏன் ஒரு எடத்துல முடியில்ல?"

"சின்னதுல அடுப்புக் கொள்ளி பட்டுது."

"எத்தனாங் கிளாஸ்ல?"

"உன் வயசு."

"அழுதீங்களா?"

"சத்தமா அழுதேன். தெருவே வந்து பாத்துச்சு," என்றார் டீச்சர். அப்புறம் என்ன பாடம் நடத்திக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

பீரியட் முடிந்த மணி அடித்தது. கணக்கு டீச்சர் வாசல்வரை வந்து, ஜன்னலில் ஊரைப் பார்த்து, திரும்பிப் போனார். முழுச் சந்திர கிரகணம் அதிகபட்சம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் போகும், அதற்கு மேல் போக வானத்தில் வழியில்லை; நயினார் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார், பட்டர் சண்டைக்கு வரவில்லை, மதியச் சாப்பாட்டு மணியும் அடித்து ஓய்ந்தது, பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், ஓரகத்தி இருவரும் இடமில்லாமல் ஒரே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூமி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொன்றாக, விட்டுப் போகாமல், டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கை வலிக்கி," என்றான் சூரியன்.

"அடுத்த கைக்கு மாத்திக்கோ ராசா," என்றார் ஆவுடை டீச்சர், அசையாமல். "கொஞ்ச நேரம். இன்னுங் கொஞ்ச நேரம்."